நாற்பத்தொரு பேருக்கு ஒரே எண்

நீங்கள் வாங்கி வரச் சொன்ன காபி நன்றாக இருந்தது, மேடம். இருபத்திரண்டு வருடமாக இந்த ஆபீஸில் மெஷின் காபிதான். நிறத்தைப் பார்த்துத்தான் அது காபி என்று நம்ப வேண்டும். கம்பெனி கை மாறி, புது முதலாளிகள் உங்களை விசாரணைக்கு அனுப்பியதில் என் கண்ணுக்குத் தெரிந்த முதல் நன்மை இது.

வாயால் சொன்னதை எந்த மொழி வசதியோ அதில் எழுதிக் கொடுங்கள், எங்கள் வீட்டிலும் தமிழ்தான் என்றீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். எங்கள் ஊர் கௌதள்ளியில் பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடத்தில் படித்தவன் நான். தமிழ் எழுத்து, அப்பாவின் கடைக்குப் பொட்டலம் கட்ட வந்த பழைய பேப்பர்களைப் பார்த்துத் தானாக வந்தது. பிழை இருந்தால் திருத்திக் கொள்ளுங்கள்.

பெயர் சித்தையன். வயது ஐம்பத்து நான்கு. முதலில் ஏஜெண்டாக இருந்தேன், பிறகு இந்த மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் மைசூர்க் கிளையிலேயே வேலைக்கு எடுத்துக் கொண்டார்கள். வயதான வாடிக்கையாளர்களைக் கவனிப்பது என் வேலை. பாலிசி புதுப்பிக்க நினைவூட்டுவது, செக் வாங்கி வருவது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் காகிதங்களைச் சரி பார்ப்பது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முதலிலிருந்து இருக்க வேண்டும். வொண்டிகொப்பலில் இருந்த ஜயம்மா, வயது அறுபத்தேழு, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், நம்மிடம் பதினொரு வருடம் பாலிசி வைத்திருந்தார்கள். போன டிசம்பர் எட்டாம் தேதியோடு அது காலாவதி ஆனது. ஜனவரியில் இதய வால்வு கெட்டிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செலவைக் கம்பெனி தர மறுத்தது. மார்ச்சில் இறந்து போனார்கள். பதினொரு வருடம் தவறாமல் கட்டியவர் பன்னிரண்டாம் வருடம் எப்படி விட்டார் என்பது மகன் ஹரிப்ரசாத்தின் புகார். நியாயமான கேள்விதான்.

பாலிசி முடியும் போது கம்பெனி மூன்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. தேதிக்கு முன்னால் ஒன்று, அன்றைக்கு ஒன்று, பிறகு கிடைக்கும் முப்பது நாள் அவகாசம் முடிகிற நாளில் ஒன்று. மூன்றும் போய்ச் சேர்ந்ததாக உங்கள் காகிதத்தில் இருக்கிறது. உண்மை. மூன்றும் என் கைபேசிக்கு வந்து சேர்ந்தன.

இது முதலில் உங்களுக்குப் புரியவில்லை. விண்ணப்பத்தில் கைபேசி எண் என்று ஒரு கட்டம் உண்டு. வயதானவர்களிடம் அந்தக் கட்டம் பெரிய தொல்லை. லேண்ட்லைன்தான் இருக்கும், அல்லது பிள்ளை வாங்கிக் கொடுத்த போனைப் பூஜை அறை அலமாரியில் வைத்திருப்பார்கள். ரகசிய எண் வந்தால் அதைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும், கண்ணாடி கிடைப்பதற்குள் எண் செத்துப் போகும். அதனால் நாங்கள் ஏஜெண்டுகள் எங்கள் எண்ணையே எழுதிவிடுவோம். கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் என்னோடு சேர்ந்தவர்களில் எழுதாதவர் யாரும் இல்லை. நான் இதற்கென்றே தனியாக ஒரு சிம் வாங்கி வைத்திருந்தேன். கடைசியில் நாற்பத்தொரு பேருக்கு அந்த ஒரே எண். பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து எல்லாம் எனக்குத்தான் வரும். பிறந்தநாளுக்கு மட்டுமே வருடத்துக்கு நாற்பத்தொரு முறை என்னைக் கம்பெனி வாழ்த்தியது. என் சொந்தப் பிறந்தநாளுக்கு வங்கி மட்டும் அனுப்பும்.

அவர்கள் யாரும் பாலிசி தேதியைக் காலண்டரில் குறித்ததில்லை. நான் கூப்பிடுவேன், போவேன், செக் வாங்குவேன், ரசீதைக் கொண்டு போய்க் கொடுப்பேன். ஏஜெண்ட் வேலையை விட்டு இந்த நாற்காலிக்கு வந்த பதினெட்டு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு நாளும் பிசகியதில்லை. வேறு எதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை, தேதியில் மட்டும் கெட்டிக்காரன்.

என் வீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். குவெம்புநகரில் மாடிப் போர்ஷன். மனைவி தேவம்மா ஐந்து வருடத்துக்கு முன்னால் மகள் மீனாவின் பிரசவத்துக்குப் புனே போனாள். அப்புறம் குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், ஸ்கூலில் சேரட்டும் என்றாள். இப்போது இரண்டாவது குழந்தை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் யாராவது வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள்.

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சு."

"மாத்தர?"

"ஆச்சு."

"செரி, வெச்சர்றனுங்க. பாப்பா அழுவுது."

அவ்வளவுதான். ஒரு தடவை நேரம் பார்த்தேன், பத்தொன்பது விநாடி. எனக்குத் தனிமையாக இருந்தது, மேடம். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் தக்காளி விலை கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

வேலை நாட்களில் அப்படி இல்லை. நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். புதுப்பிக்க மட்டும் கூப்பிட்டால் வருடத்துக்கு ஒரு முறை போதும். நான் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். குண்டலுபேட்டை மாதம்மாவுக்குச் செவ்வாய். தன் இடுப்பு வலியைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும் மாதிரியே கோபமாகப் பேசுவாள். கொள்ளேகாலத்தில் பட்டுக்கூடு வியாபாரம் செய்த சென்னப்பனுக்குப் புதன். ஜயம்மாவுக்கு வெள்ளி, மூன்று மணிக்கு. அதற்குள் அவர்கள் தூங்கி எழுந்து, பேப்பரின் குறுக்கெழுத்தை முடித்திருப்பார்கள்.

ஜயம்மாவின் கணவர் செலுவநாராயணன் வங்கியில் இருந்தவர். ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பில் பணத்தை நான்கே நாளில் கம்பெனியிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பகல் பார்க்காமல் பெங்களூருக்குப் போன் போட்டு வாங்கினேன். அதையும் குறித்துக் கொள்ளுங்கள். அதற்குப் பிறகு என்மேல் அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார்கள் பேசும் பழைய தமிழில் நடுநடுவே கன்னடம் போட்டுப் பேசுவார்கள். "சொல்லுங்கோ சித்தையன், இன்னிக்கு யாருக்கு என்ன ஒடம்பு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். செக்கை எழுதிவிட்டு, போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று மனக்கணக்காகச் சொல்லி என்னைச் சரி பார்க்க வைப்பார்கள். நான் கால்குலேட்டரை எடுத்தால் சிரிப்பார்கள்.

இனி கம்பெனி விஷயம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஹரிப்ரசாத் படிக்கக் கூடும். அவருக்காகச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் வயதானவர்களின் பிரீமியத்தைக் கம்பெனி இஷ்டத்துக்கு ஏற்றலாம். ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்கு ஏற்றியதும் உண்டு. கட்ட முடியாதவர்கள் கழன்று கொள்வார்கள், சுமை தானாகக் குறையும். பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு வருடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றது. பேப்பரில் அதைப் படித்த அன்று ஜயம்மா, வெள்ளிக்கிழமை இல்லாதபோதும், தாமே கூப்பிட்டார்கள்.

"இனிமே பத்துக்கு மேல ஏத்தப்படாதாமே? நம்ம மாதிரி இருக்கறவாளுக்கு இது நல்லதாச்சோல்லியோ?"

நல்லதுதான் என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிளெய்ம் வாங்கினார், நோயாளி ஆகிவிட்டார் என்று சொல்லிப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், பழைய நோயை மறைத்தாய் என்று சண்டையும் போட முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. ஆக, ஒரு பெரியவரை ஏற்றியும் விரட்ட முடியாது, மறுத்தும் விரட்ட முடியாது. அவராக விட்டுப் போனால்தான் உண்டு. இதே சமயத்தில்தான் வெளிநாட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியை முழுசாகவே வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. நம் முதலாளிகள் விற்கத் தயாரானார்கள். வாங்குகிறவர்கள் ஜனவரியில் வந்து ஒவ்வொரு கிளையாகப் பார்ப்பார்கள், சரியில்லாத கிளையை மூடச் சொல்வார்கள் என்று செய்தி.

அக்டோபரில் பெங்களூரிலிருந்து மண்டல மேலாளர் பசவராஜ் வந்தார். என்னை மட்டும் சாப்பிடக் கூட்டிப் போனார். அவருக்கு வயிற்றுப்புண், தயிர்சாதம்தான் சாப்பிட்டார். பாவம், அவருக்கும் வேலை பயம். போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். மைசூர்க் கிளையில் வயதானவர்களிடம் நூறு ரூபாய் வாங்கினால் நூற்று முப்பத்தெட்டு ரூபாய் கிளெய்மாகப் போகிறது.

"இவங்க எல்லாரும் உங்க ஃப்ரெண்ட்ஸ் அல்லவா, சித்தையனவரே?" என்றார்.

"ஆமா சார்."

"ஸ்வல்ப நோடி."

கொஞ்சம் பாருங்கள். அவர் சொன்னது அவ்வளவே. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரை நீங்கள் குற்றம் சொல்ல முடியாது. எப்படிப் பார்ப்பது என்று யோசித்தது நான்.

கிளையை மூடினால் ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு யாரும் வேலை தர மாட்டார்கள். அதைக்கூடச் சமாளித்திருப்பேன், ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆனால் வேலை போனால் எந்த உரிமையில் இவர்களைக் கூப்பிடுவது? இன்சூரன்ஸ்காரன் கூப்பிட்டால் பேசுவார்கள். சும்மா ஒரு சித்தையன் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டால் எத்தனை வாரம் பேசுவார்கள்? அவர்களை இழக்கக் கூடாது என்றுதான் இதை ஆரம்பித்தேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது இந்த இடத்தில்தான். ஆனால் அதுதான் நிஜம்.

எல்லாரையும் காலாவதியாக விடவில்லை. அதற்கு மனசு வரவில்லை, தேவையும் இல்லை. அடுத்த ஒரு வருடத்தில் யார் ஆஸ்பத்திரியில் சேருவார்கள் என்று பார்த்து அவர்களை மட்டும் விட்டால் போதும். இதற்குப் பெரிய கம்பெனிகள் கணிப்பொறி வைத்திருக்கின்றனவாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. நான் வாரா வாரம் பேசியிருக்கிறேன். யாருக்கு ராத்திரியில் கால் வீங்குகிறது, யார் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாமல் ஏமாற்றுகிறார், யார் மகனிடம் சொல்லாமல் எதை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பத்தொன்பது பெயர் எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜயம்மாவின் பெயரை ஏழாவதாக எழுதினேன். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார்கள். "மாடியேறினா ஸ்வல்ப மூச்சு வாங்கறது, சித்தையன். துணி காயப்போடறதுக்குள்ள ரெண்டு தரம் ஒக்காந்துக்கறேன். ஹரிகிட்ட சொல்லலை. சும்னே கவலைப்படுவான்." டாக்டரிடம் போகச் சொன்னேன். நிஜமாகவே அக்கறையோடு சொன்னேன். அக்டோபரில் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

பிறகு நான் செய்தது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாததுதான் வேலை. அவரவர் தேதி வந்தது, செய்தி என் போனுக்கு வந்தது, படித்தேன், வைத்தேன். முப்பது நாள் கழிந்தது. பத்தொன்பதில் இரண்டு பேர் தப்பினார்கள். ஒருவர் சென்னப்பன். அவருடைய மருமகள் லீலா கெட்டிக்காரி, மாமனாரின் பாலிசியை எடுத்துப் பார்த்துத் தானே ஆன்லைனில் கட்டிவிட்டாள். அடுத்த புதன்கிழமை அவர் சொன்னார்.

"ஏனப்பா சித்தையா, இந்த வருசம் நீ வருவீன்னு காப்பித்தூள் பொட்டணங் கட்டி வெச்சிருந்தேன். லீலா போன்லயே கட்டிப்புட்டா. அவளுக்கு எதுலயும் பொறும கெடையாது."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு போய்க் காப்பித்தூளை வாங்கிக் கொண்டேன். நல்ல தூள்.

மற்றவர்களைக் கூப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. அதுதான் உங்களுக்கு விளங்கவில்லை என்றீர்கள். என் போன் பட்டியலை நீட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் எட்டு வரை ஜயம்மாவோடு பதினொரு முறை பேசியிருக்கிறீர்களே, ஒரு முறைகூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். நிறுத்தியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்று சொன்னேன். அது பாதி காரணம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி மேதா பெங்களூரில் காலேஜ் சேர்ந்ததைப் பற்றிப் பேசினோம். வாசல் முருங்கையைக் குரங்கு ஒடித்ததைப் பற்றிப் பேசினோம். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு நமத்துப் போயிருந்தது, நன்றாக இருந்தது என்றேன். புதுப்பிக்க வேண்டிய தேதியான நவம்பர் எட்டு வந்தது, போனது. நாங்கள் பேசிக் கொண்டுதான் இருந்தோம்.

ஜனவரியில் வாங்குகிறவர்கள் வந்தார்கள். மைசூர்க் கிளையின் எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள் என்று பசவராஜ் செய்தி அனுப்பினார், கை கூப்பும் படத்தோடு. அதே வாரம் ஹரிப்ரசாத் கூப்பிட்டார். அம்மா குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், காப்பீடு செல்லாது என்கிறார்களே, என்ன சார் இது என்றார்.

உடனே போனேன். அன்று மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. ஜயம்மா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், கையில் ஊசி செருகியிருந்தது. முகம் சின்னதாகிவிட்டிருந்தது. ஹரிப்ரசாத் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு நீங்க சொல்லலையா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர்களே சொன்னார்கள்.

"அவர் சொன்னார்டா. நான்தான் மறந்துட்டேன். அவரை ஒண்ணும் கேக்காதே."

ஹரிப்ரசாத்தின் புகாரிலும் இந்த வரி இருக்கிறது. அதை நம்பாமல்தான் அவர் புகார் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளின் பெயரை ஞாபகம் வைத்திருந்தவள் அம்மா, அவள் மறக்க மாட்டாள் என்று எழுதியிருக்கிறார்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். புதிதாகப் பாலிசி எடுக்க இப்போது வயது வரம்பு கிடையாது என்று விண்ணப்பத்தைக் கொண்டு போய்க் கொடுத்தேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஜயம்மா சிரித்தார்கள். "நான் காத்துண்டிருப்பேன், சித்தையன். இது காத்துண்டிருக்குமோ?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள்.

ஆபரேஷனுக்கு ஏழு லட்சம் என்றார்கள். ஹரிப்ரசாத் கடன் வாங்குகிறேன் என்றார். மேதாவின் படிப்புக்கு வைத்திருப்பதில் கை வைத்தால் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஒரு டீச்சர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மேல்கோட்டையில் வைரமுடி உற்சவம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார்கள். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் பேசினோம். வர வரப் பேச்சு சின்னதாயிற்று, மூச்சு போதவில்லை. கடைசி வெள்ளியன்று நான்தான் பேசினேன், அவர்கள் "ம்" போட்டார்கள். உற்சவத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் பால் காய்ச்சப் போனவர்கள் சமையலறையிலேயே போய்விட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு ஹரிப்ரசாத் என்னையும் கூப்பிட்டிருந்தார். அப்போது அவருக்குச் சந்தேகம் இல்லை. "வெள்ளிக்கிழமை ஆனா அம்மா உங்க ஃபோனுக்குத்தான் காத்துண்டிருப்பா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இலையில் இரண்டாம் முறை சாதம் வாங்கிக் கொண்டேன்.

விட்ட பதினேழு பேரில் மற்றவர்களைப் பற்றி நீங்கள் விசாரித்துக் கொண்டிருக்கிறீர்கள். மாதம்மா ஒரு ஏக்கரை விற்று இடுப்பை மாற்றிக் கொண்டாள், நடக்கிறாள். மூன்று பேர் என் போனை எடுப்பதில்லை. ஒருவருடைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள்.

கிளையை மூடவில்லை. என் நாற்காலியும் இருக்கிறது. ஆனால் ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கச் சொல்லும் வேலையை நீங்கள் ஒரு எந்திரக் குரலுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அது கன்னடம், தமிழ், இந்தி எல்லாம் பேசுகிறது. ஒருவருக்கு நாற்பது விநாடி. நினைவூட்டல் எல்லாம் சொந்த எண்ணுக்கே போக வேண்டும் என்று நாற்பத்தொரு எண்ணையும் மாற்றச் சொன்னீர்கள், மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்த சிம்முக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை. ரீசார்ஜ் மட்டும் செய்து கொண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னதை நீங்கள் காகிதத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். நினைவூட்டாமல் இருந்தேன், அது கடமை தவறியது, வேலை போகும், அதிகம் போனால் ஒரு வழக்கு. என் வக்கீலும் அப்படித்தான் சொன்னார். வாய் திறக்காமல் இருந்தது குற்றமா என்று வாதாடலாம் என்றார். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இன்று காலை நீங்கள் போனைக்கூடப் பார்க்காமல் மூன்று மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டுக் கொண்டிருந்தீர்கள். ஜயம்மாவுக்குப் பிறகு யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. உங்களிடம் பாதியை மறைத்து வைப்பது மரியாதையாகப் படவில்லை.

உங்கள் பட்டியலில் டிசம்பர் எட்டாம் தேதி ஒரு அழைப்பு இருக்கிறது. திங்கட்கிழமை, இருபத்தாறு நிமிடம். அதில் என்ன பேசினோம் என்று எங்கும் பதிவாகவில்லை. பேசிய இருவரில் ஒருவர் இல்லை.

அன்று நான் கூப்பிட்டதும் ஜயம்மா முதலில் கேட்டது இதுதான். "நல்ல வேளை கூப்பிட்டேள். இந்த வருஷம் செக்கே எழுதலையே நான்? தீபாவளி ஆன ஒடனே வாங்கிண்டு போயிடுவேள். பேனாவும் கையுமா ஒக்காந்திருக்கேன். உங்க ஃபோன்ல ஏதாவது வந்துதா, பாருங்கோ."

"ஒண்ணும் வரலீங்கம்மா," என்றேன். "தேதிய மாத்தியிருக்காங்க. வந்துச்சுன்னா நானே வந்து வாங்கிக்கறனுங்க."

"நீங்க இருக்கேள், நமக்கென்ன," என்று பேனாவை மூடி வைத்தார்கள். மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தார்கள். செலுவநாராயணனைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்தது, முதல் சம்பளத்தில் அவருக்குக் குடை வாங்கியது என்று யாரிடமும் சொல்லாததெல்லாம் சொன்னார்கள். இருபத்தாறு நிமிடம். அதற்கு முன் ஒருபோதும் அவர்கள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. செக் விஷயத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வைத்திருப்பார்கள்.

அதனால் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குத் தெரியும். கேட்டதும் ஞாபகம் இருந்தது, நான் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஹரிப்ரசாத் மருந்து வாங்கக் கீழே போனபோது, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"உங்களுக்கு மறந்துபோயிடுத்து, இல்லையா?" என்று கேட்டார்கள். "அத்தனை பேரைப் பாத்துக்கறேள். தேதி மாறிப் போயிருக்கும். ஹரிகிட்ட சொல்ல மாட்டேன். உங்க வேலை போயிடும். உங்களுக்கும் யார் இருக்கா?"

"ஆமாங்கம்மா, மறந்துட்டனுங்க," என்றேன்.

என் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையில் அவர்கள் மனசு ஆறியது, முகத்தில் தெரிந்தது. அந்த நிம்மதியையாவது என்னால் கொடுக்க முடிந்ததே என்று இன்றுவரை நினைத்துக் கொள்கிறேன்.

நான் மறக்கவில்லை, மேடம். கடைசி நாள் என்று அன்று காலை பத்தேகாலுக்கு அவர்கள் பெயரில் வந்த செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, அதே போனில்தான் அவர்களைக் கூப்பிட்டேன்.